பேச்சுக்கு ஒரு முதற்செவி



நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை ஒருவன் எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது காற்பங்கு அறிவுதான். தன்னோடு படிக்கிறவர்களோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். மீதி அரைப்பங்கு எங்கே இருக்கிறது? தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்வதிலே இருக்கிறது என்கிறார் அவர். 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூல் ஒன்று கல்வியின் சரிபாதியை வாய்ப்பேச்சுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது.

வன்னியிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் பார்த்தவன் நான். எங்கள் பிள்ளைகள் முதற் காற்பங்கை ஒழுங்காகப் பெறுகிறார்கள். இரண்டாவது காற்பங்கும் எப்படியோ அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. அந்த அரைப்பங்குதான் பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. பரீட்சையில் மிக நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, நாலு பேருக்கு முன்னால் எழுந்து நின்று தன் பெயரையும் ஊரையும் சொல்லும்போது குரல் அடைத்துப் போகிறது. இதைப் பற்றி யாரிடமாவது கேட்டால், "அவனுக்குப் பேச்சு வராது, அது பிறவியிலே வரவேணும்" என்று ஒரு பதில் சொல்லிவிடுகிறார்கள். நன்றாகப் பேசுகிறவரைக் கண்டால் அவருடைய நாவிலே சரஸ்வதி இருக்கிறாள் என்கிறோம். இந்த இரண்டு பேச்சும் ஒன்றுதான். பேச்சு ஒரு வரம் என்று சொல்லிவிட்டால், வரம் கிடைக்காதவர்கள் பேசாமல் இருக்க வேண்டியதுதான் என்று ஆகிவிடுகிறது.

பேச்சு வரமல்ல, பழக்கம் என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது. பழக்கம் என்றால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது மட்டுமல்ல. சபை கேட்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். கேட்டதைக் கேட்டபடி பேசியவருக்குச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்கிற ஒருவரை முதற்செவி என்று நான் சொல்லுகிறேன். பேச்சு வளர்வதும் வளராமல் நின்றுவிடுவதும் பெரும்பாலும் இந்த முதற்செவி அமைவதைப் பொறுத்தே இருக்கிறது.

இது வன்னிக்குப் புதிய பாடமல்ல. கூத்துப் பழகிய எந்த ஊரையும் கேட்டுப் பாருங்கள். முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்து ஆடுகிறார்கள். வன்னியின் பல கிராமங்களில் காத்தவராயன் கூத்து ஆடுகிறார்கள். அவற்றிலே ஆடியவர்களில் எத்தனையோ பேர் எழுத்து வாசிக்கத் தெரியாத கமக்காரர்கள். அண்ணாவியார் ஒரு வரியைப் பாடுவார், ஆட்டக்காரன் அதைத் திருப்பிப் பாடுவான். பிழைத்தால் மறுபடியும் அண்ணாவியார் பாடுவார். வயல் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரவிரவாக வாரக் கணக்கிலே இது நடக்கும். "இராசா நடக்கிற நடையே இது? மாடு தேடிப் போறவன் மாதிரியெல்லோ கிடக்குது" என்று அண்ணாவியார் சொல்லுவார். சொன்னதோடு நிற்கமாட்டார். தானே எழுந்து இராசா எப்படி நடப்பான் என்று நடந்து காட்டுவார். பக்கத்திலே வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிற கிழவர், தன் காலத்திலே அதே பாத்திரத்தை ஆடியவர், அந்த இடத்திலே குரலை இறக்க வேண்டும் என்று தன் பங்குக்குச் சொல்லுவார்.

மட்டக்களப்புக் கூத்து மரபிலே இந்தப் படிகளுக்குப் பெயர்களே இருக்கின்றன. பாத்திரங்களுக்கு ஆட்களைத் தெரிந்து அவரவருக்குரிய பாடல்களைக் கொடுப்பது சட்டம் கொடுத்தல். ஆட்டம் ஓரளவு பழகிய பிறகு சதங்கை அணிதல். அதற்குப் பிறகு முழுக் கூத்தையும் ஓடவிட்டுப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். கடைசியில்தான் அரங்கேற்றம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் மேடையேற்றியபோது, நகரத்து இரசிகர்கள் வியந்து பார்த்த அந்த ஆட்டத்துக்குப் பின்னால் கிராமத்து அண்ணாவிமாரின் இந்தப் பழக்குமுறை இருந்தது.

கூத்து மாத்திரமல்ல. கோயில்களிலே கந்தபுராணம் படிக்கிறபோது ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார். புதிதாக வாசிக்கப் பழகும் இளைஞன் பெரியவர் ஒருவருக்குப் பக்கத்திலே இருப்பான். சந்தியைப் பிழையாகப் பிரித்தால் பெரியவர் மெதுவான குரலில் திருத்துவார். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கும் கதை தெரியும், பாட்டும் தெரியும். பிழை விட்டால் ஒரு சிறு சலசலப்பு எழும். அந்தச் சலசலப்பும் ஒரு திருத்தந்தான்.

இன்னும் பின்னோக்கிப் போனால், தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் சொன்ன பாயிரமே, அந்த நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்திலே அதங்கோட்டாசான் என்ற புலவருக்குக் குற்றமறத் தெரித்துக் காட்டப்பட்டது என்கிறது. அரங்கேற்றம் என்ற சொல்லை இன்று நாங்கள் ஒரு கொண்டாட்டமாக எண்ணுகிறோம். அது ஒரு காலத்திலே கேள்விக்கும் தடைக்கும் விடை சொல்லித் தேறுகிற இடமாக இருந்தது.

வெளியுலகத்திலும் இதே கதைதான். கிரேக்க நாட்டுப் பேச்சாளர் டெமொஸ்தெனீஸ் கூழாங்கற்களை வாய்க்குள் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்பதைப் பாடப்புத்தகத்திலே படித்திருப்பீர்கள். அவருடைய வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் இன்னொரு செய்தியையும் சொல்லுகிறார். அதை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. சபையிலே பேசித் தோற்றுப்போய், தலையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த டெமொஸ்தெனீஸைச் சத்தைரஸ் என்ற நடிகர் பின்தொடர்ந்து போனாராம். நாடகம் ஒன்றிலிருந்து சில வரிகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டாராம். பிறகு அதே வரிகளைத் தானே உரிய பாவத்தோடு சொல்லிக் காட்டினாராம். சொற்கள் அவைதான், ஆனால் வேறு வரிகளைக் கேட்டதுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் டெமொஸ்தெனீஸ் நிலத்தடியிலே ஓர் அறை அமைத்துப் பயிற்சியைத் தொடங்கினார் என்று அந்த வரலாறு போகிறது. கூழாங்கல்லுக்கு முன்னால் ஒரு மனிதர் வந்திருக்கிறார். கேட்டார், சொல்லிக் காட்டினார். எங்கள் அண்ணாவியார் செய்வதும் அதுதானே?

சரி, இவ்வளவு மரபு இருக்கிற மண்ணிலே பிள்ளைகளுக்கு ஏன் பேச்சு வரவில்லை?

ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலே, ஊரே ஊராக இல்லாதபோது, இரவிரவாகக் கூத்துப் பழகுவது எங்கே? 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய ஊர்களிலே கூத்துத் திரும்பவும் ஆடப்படுகிறது. அது மகிழ்ச்சிதான். ஆனால் நான் பார்த்த இடங்களிலே பழகும் நாட்கள் குறைந்துவிட்டன. பக்கத்திலே இருந்து திருத்துகிற கிழவர்களும் குறைந்துவிட்டார்கள்.

மற்றக் காரணம் பாடசாலையிலே இருக்கிறது. ஆண்டுதோறும் தமிழ்மொழித் தினப் போட்டிகள் நடைபெறுகின்றன. பாடசாலை மட்டத்திலே தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி, அகில இலங்கை மட்டம் வரைக்கும் போகும் போட்டிகள் இவை. பேச்சு, பாவோதல், விவாதம், வில்லுப்பாட்டு, நாட்டுக்கூத்து என்று எத்தனையோ பிரிவுகள். இந்தப் போட்டிகள் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் மேடையையே காணமாட்டார்கள். அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பேச்சுப் போட்டிக்கு நாங்கள் பிள்ளையை ஆயத்தம் செய்கிற விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஆசிரியர் பேச்சை எழுதிக் கொடுக்கிறார். பிள்ளை மனனம் செய்கிறது. எந்த இடத்திலே கையை நீட்டுவது, எந்த இடத்திலே குரலை உயர்த்துவது என்பதும் எழுதிக் கொடுத்ததுதான். மேடையிலே ஒரு சொல் தவறினால் அடுத்த சொல் வராது. பிள்ளை விழிக்கும், சபை பரிதாபப்படும், மணி அடிக்கும்.

மனனத்தின் ஆபத்துச் சிறுவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வின்ஸ்டன் சேர்ச்சில் 1904 ஏப்ரல் மாதத்திலே பிரித்தானியப் பாராளுமன்றத்திலே மனனம் செய்த பேச்சொன்றைப் பேசிக்கொண்டிருந்தபோது தொடர் அறுந்துபோய், மேலே சொல்ல ஒன்றும் வராமல், நன்றி சொல்லிவிட்டு அமர்ந்தார். அப்போது அவர் முப்பது வயதும் நிரம்பாத உறுப்பினர். அதற்குப் பிறகு விரிவான குறிப்புகள் இல்லாமல் அவர் முக்கியமான பேச்சுக்கு எழுந்ததில்லை. பேச்சை ஆயத்தம் செய்வதை அவர் விட்டுவிடவில்லை, ஆயத்தம் செய்கிற முறையைத்தான் மாற்றினார்.

மனனத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. போட்டி முடிந்தபின் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? முதலாம் இடம், இரண்டாம் இடம், அல்லது இடமில்லை. நடுவரின் தாளிலே புள்ளிகள் இருக்கும். உச்சரிப்புக்கு இத்தனை, பொருளுக்கு இத்தனை, பாவனைக்கு இத்தனை. அந்தத் தாளைப் பெரும்பாலும் பிள்ளை காண்பதில்லை. இடம் கிடைக்காத பிள்ளை எதனால் கிடைக்கவில்லை என்று தெரியாமலே வீட்டுக்குப் போகிறது. இடம் கிடைத்த பிள்ளைக்கும் ஏன் கிடைத்தது என்று தெரியாது. கூத்துக் களரியிலே ஒரே இரவிலே இருபது தடவை கிடைத்த திருத்தம் இங்கே ஆண்டுக்கு ஒரு தடவைகூடக் கிடைப்பதில்லை.

திருத்தம் சொன்னாற் போதுமா என்றால், அதுவும் இல்லை. எப்படிச் சொல்வது என்பது பெரிய காரியம். 1996இலே அவ்ரஹாம் குளுகர், அஞ்செலோ டினீசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வேலை செய்கிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் அவர்களுடைய செயலைப் பற்றிக் கருத்துச் சொன்னால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் நன்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களிலே, கருத்துக் கேட்டதற்குப் பிறகு செயல் முன்னையைவிடக் கீழே போயிருந்தது. அவர்கள் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது: சொல்லுகிற வார்த்தை வேலையைத் தொட்டால் வேலை திருந்தும். ஆளைத் தொட்டால், அவர் மனம் வேலையை விட்டுத் தன்னைப் பற்றியே நினைக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் பழக்கத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். "உனக்கு வெட்கம் கூட", "உன்ரை குரல் சரியில்லை", "நீ கெட்டிக்காரி" என்று சொல்லுகிறோம். மூன்றும் ஆளைப் பற்றிய பேச்சு. கடைசியிலே சொன்ன புகழ்ச்சியும் அப்படித்தான். "இரண்டாவது செய்தியிலிருந்து மூன்றாவது செய்திக்கு எப்படிப் போனாய் என்று எனக்கு விளங்கவில்லை" என்பது வேலையைப் பற்றிய பேச்சு. அதைக் கேட்ட பிள்ளைக்கு வீட்டுக்குப் போய்ச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவிலே கலிபோர்ணியாவின் சாந்தா அனா நகரத்திலே 1924இல் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கழகம் இன்று உலகெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. எங்கள் நாட்டிலும் கிளைகள் உண்டு. அங்கே பேச்சு முடிந்தவுடன் கைதட்டிவிட்டுக் கலைந்து போவதில்லை. பேசியவருடைய பேச்சைப் பற்றி இன்னொருவர் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் பேச வேண்டும். ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் "அ", "ம்" என்று இழுத்த இழுவைகளை எண்ணுவார். அடுத்த கிழமை, கருத்துச் சொன்னவர் பேசுவார், பேசியவர் கருத்துச் சொல்லுவார். இதிலே காசு செலவாகிற காரியம் ஒன்றுமில்லை. ஒரு சனசமூக நிலையத்தின் விறாந்தையிலே, ஒரு மணிக்கூட்டை வைத்துக்கொண்டு இவ்வளவையும் செய்யலாம்.

இப்படிச் செய்த ஒரு காரியத்தை உங்களுக்குச் சொல்லுகிறேன். கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர்களுக்கு ஆண்டிலே முக்கியமான மேடை ஒன்று உண்டு. அது பயிர்ச்செய்கைக் கூட்டம். இரணைமடுக் குளத்திலே நிற்கிற தண்ணீரைப் பார்த்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தத் திகதியிலே தண்ணீர் திறப்பது என்றெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. அரசாங்க அதிபர் இருப்பார், நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தர்கள் இருப்பார்கள், கமக்காரர் அமைப்புகள் இருக்கும். அங்கே எழுந்து பேசத் தெரிந்தவனுடைய குறை கணக்கில் வரும். பேசத் தெரியாதவனுடைய வயல், வாய்க்காலின் கடைக்கோடியிலே தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கும்.

எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவருக்கு வயல் அப்படியான கடைக்கோடியிலேதான். ஐம்பது வயதைத் தாண்டியவர். கூட்டத்துக்குப் போவார், கடைசி வாங்கிலே இருந்துவிட்டு வருவார். ஒரு முறை, இந்தத் தடவை பேசத்தான் வேண்டும் என்று முடிவு செய்து, கூட்டத்துக்கு இரண்டு நாளைக்கு முன் வாசிகசாலைக்கு வந்தார். நானும் இரண்டு இளைஞர்களும் இருந்தோம். பேசிக் காட்டுங்கள் என்றோம். எட்டு நிமிடம் பேசினார். தகப்பன் காடு வெட்டிக் காணியாக்கியது, இடம்பெயர்ந்தது, திரும்பி வந்தபோது வரம்பே தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது, பசளை விலை, நெல் விலை எல்லாம் வந்தன. கடைசியிலேதான், தண்ணீர் முறைக்கு விடுகிற நாளிலே மேல்வயல்காரர் எடுத்து முடிய, தன் வயலுக்கு வந்து சேருவதற்குள் முறை முடிந்துவிடுகிறது என்றார்.

இளைஞர்களிலே ஒருவன் சொன்னான்: "அண்ணை, நீங்கள் சொன்னதிலை எனக்கு நிண்டது கடைசிக் கதைதான். தண்ணி விடுற நாளிலையும் உங்கடை வயலுக்குத் தண்ணி வாறேல்லை. அதை முதல்லை சொன்னால் என்ன?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இரண்டாந் தரம் பேசினார். மூன்று நிமிடத்திலே முடிந்தது. மற்ற இளைஞன் கேட்டான்: "உங்களுக்கு மட்டுமோ, வேறை ஆக்களுக்கும் இந்தக் கரைச்சலோ எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?" அதற்கு அவரிடம் விடை இருக்கவில்லை. அடுத்த நாள் வாய்க்கால் நீளத்துக்கு நடந்துபோய் எண்ணிக்கொண்டு வந்தார். பதினேழு பேர். மூன்றாந் தரம் பேசியபோது அந்தப் பதினேழும் பேச்சுக்குள் வந்துவிட்டது.

கூட்டத்திலே அவருக்குக் கை நடுங்கியது. கடதாசியைப் பிடித்திருந்த கை ஆடியதைப் பக்கத்திலே இருந்த நான் பார்த்தேன். ஆனால் முதல் வாக்கியத்திலேயே தண்ணீர் வராத கதை வந்துவிட்டது. இரண்டாவது வாக்கியத்திலே பதினேழு பேர் வந்துவிட்டார்கள். உத்தியோகத்தர் ஒருவர் குறித்துக்கொண்டார், வந்து பார்ப்பதாகச் சொன்னார், வந்தும் பார்த்தார். அந்தப் போகத்திலே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பல காலம் ஒருவர் கண்ணிலும் படாத வயல் அன்றைக்கு ஒருவருடைய குறிப்புப் புத்தகத்திலே ஏறியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த இளைஞர்கள் அவருக்கு ஒரு சொல்லும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒருவன் தனக்கு எது மனதிலே நின்றது என்று சொன்னான், மற்றவன் தனக்கு எது தெரியவில்லை என்று கேட்டான். முதற்செவியின் வேலை அவ்வளவுதான். பேச்சு பேசுகிறவருடையதாகவே இருக்க வேண்டும்.

கை நடுங்கியது என்றேன். சபைக் கூச்சம் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லுகிறேன். 2003இல் கென்னத் சவிட்ஸ்கி, தொமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் சபைக்கு அப்படியே தெரிகிறது என்று நினைக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கோ அவர்கள் நினைக்கிற அளவுக்கு அது தெரிவதில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டு மாணவர்களைப் பேச வைத்தபோது, சொல்லாமல் விடப்பட்டவர்களைவிட அவர்கள் நன்றாகப் பேசினார்கள். முதற்செவி ஒருவர் இருந்தால் இதை ஆய்வு இல்லாமலே அறிந்துகொள்ளலாம். "எனக்கு நெஞ்சு படபடத்தது, கண்டனீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "இல்லையே" என்றுதான் பதில் வரும்.

திருவள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம், சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் என்று மூன்று வைத்திருக்கிறார். அச்சம் எல்லோருக்கும் பொது என்று தெரிந்துதானே அதற்கென்று தனியாக ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது? காந்தியடிகள் பம்பாயிலே வழக்கறிஞராக முதல் வழக்குக்கு எழுந்தபோது வாய் திறக்க முடியாமல் இருந்துவிட்டு, கட்சிக்காரரை வேறு வழக்கறிஞரிடம் அனுப்பினார் என்று தன் சரித்திரத்திலே எழுதியிருக்கிறார். அதே காந்தியடிகள் 1927 நவம்பரிலே இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் பேசியபோது, கேட்கச் சனம் திரண்டு வந்தது. இடையிலே கழிந்த முப்பத்தைந்து ஆண்டுகளிலே தென்னாபிரிக்காவின் சிறு கூட்டங்களிலிருந்து பேசிப் பேசித்தான் அவருக்கு அந்தக் குரல் அமைந்தது.

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கனமானது.

வன்னியிலே கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதிகமாகச் சபை முன்னே நின்று பேசியவர்கள் யார் என்று கேட்டால், அரசியல்வாதிகளையும் பட்டிமன்றக்காரர்களையும் நான் சொல்லமாட்டேன். பிள்ளையைத் தேடுகிற தாய்மாரைத்தான் சொல்லுவேன். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010இலே வன்னிக்கு வந்து அமர்வு நடத்தியபோது அவர்கள் வந்து பேசினார்கள். காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 2014 ஜனவரியிலே கிளிநொச்சியிலே அமர்ந்தபோதும் வந்து பேசினார்கள். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியிலே தொடர் போராட்டமாக உட்கார்ந்த பிறகு, வந்த செய்தியாளர் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வயலையும் வீட்டையும் தவிர வேறு மேடை அறியாத பெண்கள் இவர்கள். ஒரு மேசைக்கு முன்னால், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாயிலாக, சில நிமிடங்களுக்குள் ஒரு வாழ்நாளைச் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது.

இந்தப் பேச்சுக்கு ஒத்திகை என்ற சொல்லைப் பொருத்திப் பேச எனக்கே தயக்கமாக இருக்கிறது. துயரத்தைப் பழகிச் சொல்வதா என்று நீங்கள் கேட்கலாம். சாட்சி சொல்கிறவருக்குச் சொல்லிக் கொடுப்பது தவறு, சட்டமும் அதை ஏற்காது. அவர் வாயிலே மற்றவர் சொல்லைத் திணித்தால் உண்மையிலே நடந்ததையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதை நான் சொல்லவில்லை. அந்தத் தாய் மேசைக்கு முன்னால் போவதற்கு முன், பொறுமையோடு கேட்க ஒரு ஆள் இருந்ததா என்றுதான் கேட்கிறேன். "அம்மா, எந்தத் திகதி? எந்த இடம்? கடைசியாக ஆர் கண்டது?" என்று கேட்டு, அவர் அழுது முடியும் மட்டும் இருந்து, பிறகு மறுபடியும் கேட்க ஒருவர் இருந்திருந்தால், அந்த நிமிடங்களுக்குள் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டிருக்கும். சொல்ல மறந்ததை நினைத்து, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸிலே அழுதுகொண்டு வந்த தாய் ஒருவரை எனக்குத் தெரியும். திகதியைச் சொல்ல மறந்துபோனேன் என்பதே அவருடைய அழுகை. ஒரு அயலவர் முதல் நாள் இருந்து கேட்டிருந்தாற்கூட அந்த அழுகை ஒன்றாவது குறைந்திருக்கும்.

ஆகவே பேச்சுப் பழகுவது மேடை அலங்காரத்துக்காக என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் கேட்கவும், காணி உறுதிக்கு விண்ணப்பிக்கவும், ஆஸ்பத்திரியிலே நோயைச் சொல்லவும், காணாமற்போன பிள்ளையைப் பற்றிக் கேட்கவும் அது வேண்டியிருக்கிறது. தன் கதையைத் தானே சொல்லத் தெரியாத இடத்திலே மற்றவர்கள் வந்து அந்தக் கதையைச் சொல்லுவார்கள், தங்களுக்கு ஏற்றபடி.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ஆந் திகதி, இருபத்தைந்து வயது நிரம்பி இரண்டு கிழமை ஆகாத நிலையிலே, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தன் முதற் பிரசங்கத்தைச் செய்தார். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பிரசங்கம் நடந்தது. அவரும் நண்பர் கார்த்திகேசையரும் பேசினார்கள். கிழமைக்கு ஒரு நாள், குறித்த நேரம், குறித்த இடம், ஒருவருக்கு இருவர். எங்கள் ஊர்களிலும் இந்த ஏற்பாடு போதும்.

சனசமூக நிலையத்திலே கிழமைக்கு ஒரு மாலை ஐந்து பேர் கூடுங்கள். ஒருவர் ஐந்து நிமிடம் பேசட்டும். எழுதி மனனம் செய்ய வேண்டாம், நாலு குறிப்பு ஒரு துண்டிலே இருந்தாற் போதும். மற்றவர்கள் மூன்றே மூன்று விஷயம் சொல்லட்டும். எனக்கு மனதிலே நின்றது இது. எனக்கு விளங்காமற் போனது இது. எனக்கு இன்னும் கேட்க வேண்டும் போல இருப்பது இது. ஆளைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பிறகு அதே ஆள் அதே விஷயத்தை அன்றைக்கே இன்னொரு தடவை பேச வேண்டும். இதுதான் முக்கியம். திருத்தம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அது புத்திமதியாகப் போய்விடும். உடனே திரும்பப் பேசினால்தான் அது பழக்கமாகும். அண்ணாவியார் ஒருநாளும், "நாளைக்குச் சரியாய்ப் பாடு" என்று சொல்லி விட்டதில்லை. இப்பவே பாடு என்றுதான் சொன்னார்.

கூட ஒருவரும் இல்லையா? இன்று வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. பேசிப் பதிவு செய்து, ஒரு நாள் கழித்துக் கேட்டுப் பாருங்கள். தன் குரலைத் தான் கேட்க முதலிலே எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. வானொலிக் கலையகத்திலே கண்ணாடிக்கு அப்பால் இருக்கிற தயாரிப்பாளர், "ஐயா, அந்தப் பந்தியை இன்னொருக்கால் வாசியுங்கோ, அவசரப்பட்டிட்டியள்" என்று சொல்லும்போது, அவர்தான் எனக்கு முதற்செவி. நீங்கள் கேட்கிற இந்தப் பேச்சும் அவர் கேட்டுத் திருத்திய பிறகுதான் உங்களிடம் வருகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டிக்குப் பிள்ளையை அனுப்புங்கள், ஆனால் பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளை தன் சொல்லிலே, தன் வீட்டுத் தமிழிலே தொடங்கட்டும். திக்கட்டும், திரும்பச் சொல்லட்டும். போட்டி முடிந்து இடமில்லாமல் வந்தாலும், நடுவருக்கு எது பிடித்தது, எது விளங்கவில்லை என்று கேட்டறிந்து அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பவணந்தியார் சொன்ன அரைப்பங்கு கிண்ணத்திலும் சான்றிதழிலும் இல்லை. எழுந்து நின்று எடுத்துச் சொல்வதிலே இருக்கிறது, அதைக் கேட்க ஒருவர் எதிரே இருப்பதிலும் இருக்கிறது.

உங்கள் அயலிலே யாருக்காவது வருகிற கிழமை ஓர் அலுவலகத்திலோ ஒரு கூட்டத்திலோ பேச வேண்டியிருக்கும். அவரிடம் போய், "எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ, கேப்பம்" என்று சொல்லுங்கள். அரை மணித்தியாலம்தான் செலவாகும்.